வாத்து மேயும் இடத்தைச் சொன்னவன்

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கே போகிறேன் என்பது உப்பளம் என்ற எங்கள் பேட்டையில் ஒரு காலத்தில் பெரிய கேள்வியாக இருந்தது. ஊசுட்டேரிக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்ற உண்மையை ஒருவரும் நம்பவில்லை. "பார்த்துட்டு? புடிப்பியா, சுடுவியா?" என்பார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவேன் என்றால், சாராயக்கடைக்குப் போகிறவன் சொல்லும் சாக்கு மாதிரி இருந்திருக்கிறது அவர்களுக்கு. எனக்கும் ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. என்னவோ நினைத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் நவம்பரில் அப்படி விட முடியாமல் போயிற்று. துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணைப் பேசினார்கள். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். சிப்பாயைப் பிரெஞ்சில் சொல்தா என்பார்கள்; அதனால் சொல்தா வீடு என்றுதான் அந்த வீட்டைச் சொல்வார்கள்.

பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கூடத்தில் பத்து நிமிஷம் பேச விட்டார்கள். வேறு எதுவும் வாயில் வராமல், அந்த மாதம் ஏரிக்கு வந்திருந்த பதினோரு பெரிய வாத்துகளைப் பற்றிச் சொன்னேன். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கறுப்புப் பட்டை. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவை. அதற்கு முன் நம் பக்கத்தில் அவற்றை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் காட்டுவீங்களா?"

கல்யாணம் முடிந்த முதல் ஞாயிறே கூட்டிப்போகிறேன் என்றேன். ஜனவரியில்தான் கல்யாணம் வைப்பார்கள், வாத்துகள் மார்ச் வரை இருக்கும். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

ஊர்ப்பேச்சு அவள் அப்பா காதுக்கும் போயிருந்தது. "அந்த ஏரி சங்கதிய நானும் பார்க்கணும் தம்பி" என்றார். அடுத்த ஞாயிறு பட்டாளத்துப் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கதிர்காமம் வழியாக இரண்டு சைக்கிளில் போனோம்.

அறுத்த வயலில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. மனிதர் வரப்பில் குப்புறப் படுத்து அரைமணி நேரம் அசையாமல் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆள் நம் கட்சிக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு கேட்க ஆரம்பித்தார்.

"எத்தனை மணிக்கு எறங்குது?"

"பொழுது விடிஞ்ச உடனே, ஐயா."

"எந்தப் பக்கத்துலேர்ந்து வருது? தாழப் பறக்குமா?"

"வடக்கேயிருந்து. அந்தப் பனைமரம் தாண்டினதும் தாழ்ந்துடும்."

வாத்தியார் கேட்ட கேள்விக்குக் கையைத் தூக்கும் பையன் மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். இந்த மண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் அவர்கள் வீட்டில் விருந்து. அன்றுதான் முடிவு சொல்வதாக இருந்தார்கள். கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் இறகு குவிந்து கிடந்தது. அதன்மேல் இரண்டு வெள்ளைத் தலைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்புப் பட்டை. ஐயோ பாவி, நான்தானே காட்டிக்கொடுத்தேன் என்று அங்கேயே நின்றேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"உங்க ஏரி வாத்துதான் மாப்ளே!" என்று சொல்லி, அவரே தன் கையால் தொடைக்கறியை எடுத்து என் தட்டில் வைத்தார். முதல்தடவையாக மாப்பிள்ளை என்றார். முடிவு தெரிந்துவிட்டது. வேண்டாம் என்றால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுவாரோ என்று பயம். குனிந்த தலை நிமிராமல் தின்றேன். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன். ருசியாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். மீதி ஒன்பதும் போய்விட்டன. வரப்பில் எச்சம் காய்ந்து கிடந்தது.

ஜனவரியில் கல்யாணம் நடந்தது. முதல் ஞாயிறு நான் அவளை ஏரிக்குக் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு குளிர்காலமும் போனேன். நாமக்கோழி வந்தது, ஊசிவால் வாத்து வந்தது, பட்டைத் தலைக்காரர்கள் மட்டும் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு தடவையும் அவள் அப்பாவைத்தான் திட்டுவேன்.

அறுபதாம் வருஷம் டிசம்பரில் ஒருநாள் அப்படித் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"எங்கப்பாவ ஏன் திட்டறீங்க? அவருக்கு வாத்துன்னா கறி. வேற மாதிரின்னு அவரு என்னிக்கும் சொல்லிக்கல. நான் அன்னிக்கு அடுப்பங்கரைக் கதவோரம் நின்னுகிட்டிருந்தேன். நீங்க தட்டத் தள்ளிடுவீங்கன்னு பார்த்துகிட்டே இருந்தேன்."

"தள்ளியிருந்தா உங்கப்பா உன்னக் குடுத்திருப்பாரா?"

"அவரு குடுக்கலன்னாலும் நான் வந்திருப்பேன். எனக்குன்னு வெச்ச கறிய நான் தொடவேயில்ல. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அன்று நான் ஒரு தடவைகூட நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.