மரகதம் அக்காவின் இடது கை

வகுப்பில் வேரின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. செல்வராசு அண்ணன். அந்த நேரத்தில் அவர் யாரையும் அழைக்கமாட்டார். மரகதம் அக்காவின் கணவர் அவர், செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை அச்சு செய்கிறவர். அந்த வேளையில் இரண்டு கையும் முழங்கைவரை பிளாஸ்டர் மாவில் இருக்கும்.

"விஜயா, உங்க அக்கா போயிட்டாம்மா" என்றார்.

"எங்க போயிட்டாங்கண்ணா?" என்று கேட்டுவிட்டேன். அதன்பிறகுதான் புரிந்தது. காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாராம். ஐம்பத்து நான்கு வயது.

நான் போய்ச் சேர்ந்தபோது உறவுக்காரப் பெண்கள் இருவர் வெள்ளைத் துணியைக் கிழித்து அவருடைய இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் இடது கையை மார்பின் மேல் எடுத்து வைத்து, விரல்களைத் தடவி, "புள்ளைக்குக் கை நல்லா நீட்டுது பாரு, வெரச்சிக்கவே இல்ல" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சொல் என்னை ஏன் அப்படிச் செய்தது என்பதை, அக்காவை மேடையில் பார்த்தும் கேட்டும் பழகிய உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் நான் பாடினேன். மரகதம் அக்கா என் இடப்பக்கம் உட்கார்ந்து வயலின் வாசித்தார். பகலில் அவருக்கு வேறு வேலை. தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கூடத்தில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவார். இடது கை பொம்மையைச் சுழற்றிச் சுழற்றிக் கொடுக்கும், வலது கை ஒற்றை மயிர்த் தூரிகையால் இமையை இழுக்கும். சாயங்காலம் அதே இரண்டு கைகளும் வயலினுக்குப் போகும். கோயில் உற்சவம், கல்யாண வரவேற்பு, பள்ளி ஆண்டுவிழா என்று எங்கே அழைத்தாலும் பஸ் ஏறிப் போவோம்.

கச்சேரி கேட்பவர்களுக்கு வயலின்காரரின் உடம்பு தெரியாது. எனக்கும் பல வருஷம் தெரியவில்லை. சம்மணமிட்டு, வலது காலை முன்னால் நீட்டி, கணுக்காலில் வயலினின் தலையை நிறுத்தி இரண்டரை மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். அந்தக் காலில் கணு எலும்புமேல் அக்காவுக்கு ஆட்டுக்குளம்புபோல ஒரு காய்ப்பு இருந்தது. மங்களம் முடிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார். "பாட்டு முடிஞ்சா நீ தண்ணி குடிக்கிற. நான் என் காலத் தேடுறேன்" என்பார். கழுத்துக்குக் கீழே இடது எலும்பில் வயலின் அழுத்தி அழுத்திக் கறுத்த தழும்பு. அதைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொள்வார். எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் மூன்று நாள் தொடர்ந்து வாசித்தோம். மூன்றாம் நாள் வில் பிடிக்கும் தோள் மேலே எழும்பவில்லை. நான்தான் அவருக்குத் தலைவாரிப் பின்னி விட்டேன். "மெதுவா இழுடி, மிச்சம் இருக்கிற மயிரும் போயிரப்போவுது" என்று சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலம் அதே தோளோடு வாசித்தார்.

இடது விரல் நுனிகள் நான்கும் கம்பி அறுத்து அறுத்துப் பள்ளம் விழுந்து காய்த்துப்போயிருந்தன. சூடான டீ டம்ளரை அந்தக் கையில் வாங்கிக்கொண்டு எனக்கு ஆற்றித் தருவார். ரேஷன் கடை இயந்திரத்தில் அந்த விரல்களை வைத்தால் ரேகை பதியாது. ஒருமுறை வலது கையும் பதியாமல் தகராறு செய்தது. அன்று முழுக்கப் பொம்மைச் சாயம் தொட்ட கை. கடைக்காரர், "ரேக விழமாட்டேங்குதுங்க அக்கா, நீங்க யாருங்க?" என்றார். "நானா? மெஷினக் கேளு, நான் இல்லவே இல்லங்குது" என்றார் அக்கா. வரிசையே சிரித்தது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் வேப்பூரில் ஒரு கல்யாணம். நான் கல்பனா ஸ்வரம் பாடி நிறுத்தினேன். அக்கா திருப்பி வாசிக்க வேண்டும். மோதிரவிரல் கம்பியைத் தொடவேண்டிய இடத்தில் தொடாமல், உள்ளங்கையை நோக்கி மடங்கியது. சுண்டுவிரலும் கூடவே சுருண்டது. அக்கா விரலை ஒருமுறை பார்த்தார், ஆள்காட்டி விரலை அங்கே நகர்த்தி வாசித்து முடித்தார். நம் வாசிப்பில் இரண்டு விரலே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். சறுக்கிச் சறுக்கிப் போனால் கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்தது. நான் முறைத்தேன். இந்த முறைப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். வலி இல்லை என்றார். மரத்துப்போகவும் இல்லை. பொம்மை பிடிக்கும்போது, பூக்கட்டும்போது, சாதம் பிசையும்போது எல்லாம் சரியாக இருக்கிறது. வயலினைத் தொட்டால் மட்டும் அந்த விரல் உள்ளே போகிறது. ஒரு வருஷமாக இரண்டு விரலில் சமாளித்து வருகிறேன் என்றார்.

"சாதகம் பத்தலக்கா" என்றேன் நான்.

"அப்படித்தான் நானும் நெனைக்கிறேன்" என்றார்.

எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரே மருந்து அதுதான், விடாத பயிற்சி. சுரம் சேரவில்லையா, சாதகம். கை ஓடவில்லையா, சாதகம். ஒரு மண்டலம் வைத்துக்கொள்வோம் என்று நான்தான் சொன்னேன். நாற்பத்தெட்டு நாள். விடியற்காலை ஐந்தரைக்கு அவர்கள் வீட்டுக்குப் போவேன். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு அக்கா உட்காருவார். எதிரில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவேன். முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். மோதிரவிரல் மடங்கிய ஒவ்வொரு முறையும், "திரும்பக்கா" என்பேன். அவர் திரும்ப வாசிப்பார். எட்டு மணிக்கு வயலினை வைத்துவிட்டு அவர் பொம்மைக் கூடத்துக்கும் நான் பள்ளிக்கும் போவோம்.

முப்பது நாள் தாண்டியிருக்கும். நடுவிரலும் மடங்கத் தொடங்கியது. அக்கா வில்லை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் அதுங்களோட போயி சேந்துக்கிச்சி" என்றார். அன்றைக்காவது நிறுத்தியிருக்கலாம். "மண்டலத்த நடுவுல வுடக் கூடாதுக்கா" என்றேன். விடவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் தேங்காய் உடைத்து, சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சாப்பிட்டோம். அப்போது அவரிடம் வயலினுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு விரல்.

செல்வராசு அண்ணனுக்கு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "மண்ணே நான் சொன்ன பேச்சு கேக்குது. வெரல் கேக்காதா?" என்றார். வயலின் பிடிக்கும் வாக்கில் அக்காவின் கையை நிறுத்தி, விரல்களில் எண்ணெய் தடவி, பொம்மைக்கு எடுப்பதுபோலவே பிளாஸ்டரில் இரண்டு பாதியாக அச்சு எடுத்தார். கூழ்மண்ணை அச்சில் ஊற்றினால் பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மண் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். அவருடைய முப்பது வருஷ அனுபவம் அது, விரலும் அப்படியே படிந்துவிடும் என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அக்கா அச்சுக்குள் கையை வைப்பார். சைக்கிள் டியூபை அறுத்த ரப்பரால் இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டிவிட்டு அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நான் போனபோது, "பாரு விஜி, உங்க அண்ணன் என்னை சூளைல வேக வெக்காததுதான் பாக்கி" என்றார் அக்கா. அண்ணன் சிரித்தார், அவர் கண் அச்சின்மேலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் பிரித்தால் விரல்கள் அழகாக நீண்டிருக்கும். வயலினை எடுத்ததும் சுருண்டுகொள்ளும்.

கடைசியில் புதுச்சேரிக்குப் போனோம். நரம்பு மருத்துவர் வயலினையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கத் தெரியாது என்று அக்கா தயங்கினார். "தரையிலயே உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மருத்துவரும் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான்கு வரி வாசித்ததும் போதும் என்றார்.

"கையில ஒன்னும் கோளாறு இல்லம்மா. மூளைல ஒவ்வொரு வெரலுக்கும் தனி எடம் இருக்கு. உங்களுக்கு அந்த எடம் ஒன்னோட ஒன்னு கலந்துபோச்சு. ஒரே வேலைய வருஷக்கணக்கா நுணுக்கமா செய்யிறவங்கள்ல சில பேருக்கு வரும். அந்த வேலை செய்யும்போது மட்டும்தான் தெரியும்."

"சாதகம் நெறைய பண்ணா சரியாவுமா டாக்டர்?" என்று நான் கேட்டேன்.

"அத மட்டும் பண்ணிடாதீங்க. தப்பு இன்னும் ஆழமா பதிஞ்சுடும். பண்ணீங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "கொஞ்சம் பண்ணேன் சார்" என்றார்.

ஊசியும் பயிற்சியும் இருக்கின்றன, சிலருக்குக் கேட்கும், உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். திரும்பும் பஸ் பண்ருட்டியைத் தாண்டியது. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லை எடுத்தால் அழுதுவிடுவேன். அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அவரே பேசினார்.

"நாப்பத்தெட்டு நாளும் ஒரு நாள் லீவு போடாம வந்தியே விஜி. உன் ஸ்கூலுக்குக்கூட நீ அப்படிப் போனதில்ல."

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரித்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மன்னிப்பு கேட்கும் இடம் அந்தச் சிரிப்புக்குள் போய் அடைத்துக்கொண்டது. பிறகு எத்தனையோ முறை தனியாக இருந்தும் திறக்க முடியவில்லை.

அக்கா ஊசி போட்டுக்கொண்டார். பென்சிலை வைத்து விரலைப் பழக்கினார். எப்போதாவது பாட்டில் ஒரு சங்கதி முழுதாக விழும். என்னை அழைத்துக் கைப்பேசியிலேயே வாசித்துக் காட்டுவார். மறுநாள் அது வராது. பின்னர் என் கச்சேரிகளுக்கு வேறொருவர் வாசித்தார். அக்கா சுருதிப்பெட்டியோடு எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். இதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று உங்களில் சிலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கச்சேரி. பாட்டின் நடுவே திரும்பிப் பார்த்தேன். மடியில் கிடந்த அவருடைய இடது கை புடவைமேல் வாசித்துக்கொண்டிருந்தது. நான்கு விரலும் தனித்தனியாக, ஒன்றுகூட மடங்காமல், ஒவ்வொரு ஸ்வரத்திலும் சரியாக இறங்கின. எனக்கு அடுத்த அடி மறந்துபோனது. அவர்தான் எடுத்துக்கொடுத்தார்.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, "வலிச்சாலாவது ஒரு மாத்திர போட்டுக்கலாம்" என்றார். அக்கா தன் கையைப் பற்றி என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் செல்வராசு அண்ணன் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்தக் கை அச்சு. "மண்ணு ஊத்துனா நாளைக்கே அவ கை வந்துரும். ரெண்டு நாளா எடுத்து எடுத்து வெக்கிறேன். என்னால ஊத்த முடியல. நீ வெச்சிக்க" என்றார். வாங்கிக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான். ரப்பரை அவிழ்த்து ஒரு பாதியைத் திறந்தால் உள்ளே நான்கு விரல்களின் வெற்றிடம். நடுவிரலின் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்க்கிறேன். நீளம் ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. அவர் விரல் நுனியில் கம்பி அறுத்த பள்ளம், அச்சில் ஒரு சின்ன வரப்பாக எழுந்து நிற்கிறது. என் விரல் நுனியில் அது அழுத்துகிறது.