மகாபலிபுரம் போகும் வழியில் ஒரு முட்டுப் பாலம்

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை லீவு கிடைத்தது. மகாபலிபுரத்துச் சிற்பங்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டிலிருந்து பதினெட்டு மைல். காலை ஆறேகால் பஸ், பத்தணா டிக்கெட். என்னோடு ஒரு கல்யாணக் கோஷ்டியும் ஏறியது. பெண்ணின் பெயர் வள்ளி. ஒன்பதரைக்கு மாப்பிள்ளை வீட்டில் முகூர்த்தம்.

உப்பங்கழிக்கு இந்தப் பக்கமே பஸ் நின்றுவிட்டது. வழக்கமாகப் படகில் கடக்க வேண்டும். அன்று படகைக் காணோம்! பக்கத்தில் கட்டும் புதுப் பாலத்தின் அடியில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பாலத்துக்குக் கீழே ஒரு சவுக்குத் தோப்பே நின்றது. எல்லாம் முட்டுக்கால்கள். கான்கிரீட் இறுகித் தன் பாரத்தைத் தானே தாங்கும் வரை இவைதான் தாங்கும். ஒவ்வொரு காலின் அடியிலும் மர ஆப்பு. அதைத் தட்டித் தளர்த்தினால் கால் கழன்றுவிடும். கழலும் கால்களை ஏற்றத்தான் படகாம்.

“இன்னிக்குப் படகு கெடையாது நைனா. ஒம்போதுக்கு ஆப்பு தட்டப் போறோம். அப்பால மேலயும் ஒருத்தரும் போவக் கூடாது” என்றார் மேஸ்திரி.

“அதுவரைக்கும் இன்னா பண்றீங்க?” என்று கேட்டார் வள்ளியின் அப்பா.

“ராகு காலம். சும்மா குந்திகினு கீறோம். வோணும்னா இப்பவே மேல நடந்து போயிடுங்க. முட்டு அப்டியே கீது, யானை போனாலும் தாங்கும்.”

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “ராகு காலத்துல பொண்ணு புதுப் பாலத்துல கால் வெக்கறதா? வேணாம்பா.”

மணி எட்டரை. ராகு காலம் முடியக் காத்திருந்தால் பாலமும் இல்லை, முகூர்த்தமும் இல்லை. வள்ளிதான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

“நாம வூட்டவுட்டு அஞ்சு மணிக்கே கெளம்பிட்டோம்பா. இது கெளம்பறது இல்ல. போய்கினு கீறது.”

மேஸ்திரி சிரித்தே விட்டார். அப்பா முதல் தட்டைத் தூக்கிக்கொண்டார். சீர்த்தட்டுகளோடு எல்லோரும் நடந்தோம். கீழே வேலையாட்கள் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் சவுக்குக் கால்களைத் தட்டி மேளம் கொட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! என்னையும் கல்யாணத்துக்கு இழுத்துப்போனார்கள். நேரத்துக்குத் தாலி ஏறியது. மூன்று வகைப் பாயசம்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலுக்கு முன் கல் ரதங்களைப் பார்த்துவிடுங்கள். நான் மத்தியானம் போய்க் காலைச் சுட்டுக்கொண்டேன். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். திரும்ப ஆறு மணி பஸ் உண்டு.

அந்த பஸ்ஸுக்குத்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்குப் போக வந்தார்கள். தோப்பு போய்விட்டது. நடுவில் ஒரு கால்கூட இல்லாமல் தண்ணீருக்கு மேலே பாலம் தனியாக நின்றது. “நடக்கலாம், நல்லாத்தான் நிக்குது” என்றார் மேஸ்திரி. மாப்பிள்ளை குனிந்து அடியில் பார்த்தார், தயங்கினார்.

வள்ளி கையை நீட்டினாள். “பயமா கீதா? புடிச்சிக்கோங்க.”

பிடித்துக்கொண்டார்.