அப்பா அழுத்தாத பொத்தான்

அப்பாவுக்கு ஒரு கண்தான். மற்றது சின்ன வயதிலேயே போய்விட்டது. எனக்கு ஒன்பது வயதானபோது, இருந்த கண்ணிலும் நரம்பு தேய ஆரம்பித்தது. அந்தக் கண்ணின் இடப்பக்கப் பார்வை செத்துவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். போதாக்குறைக்குப் புரை வேறு. ஆனாலும் அல்வாலிலிருந்து ஜீடிமெட்லா மருந்துக் கம்பெனிக்கு ஸ்கூட்டரில்தான் போவார். பின்னால் என்னை உட்கார்த்திப் பள்ளியில் இறக்கிவிடுவதும் அவர்தான்.

கண் ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறை. வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, நடுவிலேயே பார்த்தபடி, டிக்கென்ற சத்தத்தோடு எங்கே வெளிச்சப்புள்ளி தெரிந்தாலும் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை, பெரிய புள்ளிகளாகக் காட்டியபோது இடப்பக்கத்துக்கும் அப்பா அழுத்தினார். டாக்டர் சந்தோஷப்படவில்லை. புரை விழுந்த கண்ணுக்குள் வெளிச்சம் சிதறும், செத்த பக்கத்தில் விழுந்த புள்ளி பரவி நல்ல பக்கத்தைத் தொட்டிருக்கலாம், புரையை எடுத்தால்தான் உண்மை தெரியும் என்றார். இடப்பக்கம் பார்வை இருக்கிறது என்பதை மட்டும் அப்பா வீட்டில் வந்து சொன்னார்.

புரையை எடுத்து சில வாரம் கழித்து மறுபடியும் அதே அறை. நான் பக்கத்தில் ஸ்டூலில். சோதனை செய்யும் அக்கா இயந்திரத்தை ஓடவிட்டு, போன் வந்ததென்று வெளியே போனாள்.

டிக். அப்பா அழுத்தவில்லை.

டிக். டிக்.

தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். கண் திறந்தேயிருந்தது. கிண்ணத்தின் வெளிறிய ஒளியில், இமைக்காமல் விரிந்திருந்த அந்தக் கண் வேறு யாருடையதோ போலிருந்தது. பயத்தில் அவர் கட்டைவிரல்மேல் என் விரலை வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தினேன். விரல் சில்லென்றிருந்தது. அவர் விலக்கவில்லை.

திரும்பி வந்த அக்கா திரையைப் பார்த்துவிட்டு, வெளிச்சமே காட்டாமல் வெறும் சத்தம் மட்டும் கொடுத்தபோதும் அழுத்தியிருக்கிறீர்களே என்று தெலுங்கில் கேட்டாள். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முகத்தை எடுக்காமலே, அவருடைய அரைகுறைத் தெலுங்கில் சொன்னார்: "பாப்பாவை வெளியே உட்கார வைம்மா. திரும்ப எடுத்துடலாம்."

அன்று ஆட்டோவில் வீடு திரும்பினோம். மறுநாள் மாமா போய் ஸ்கூட்டரை எடுத்து வந்தார். பிறகு அப்பா அதைத் தொடவில்லை.

நான் ஏமாற்றியதற்குத்தான் கோபம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நான் பெரியவளான பிறகுதான் அவரே சொன்னார்: சத்தம் வந்தாலும் சில சமயம் வெளிச்சம் வராது என்று அக்கா முதலிலேயே அவரிடம் சொல்லியிருந்தாளாம். அதை நம்பித்தான் அவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் அழுத்த ஆரம்பித்ததும், எனக்கு வெளிச்சம் தெரிகிறது, தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டாராம். நானோ ஒரு புள்ளியைக்கூடப் பார்க்கவில்லை.