எங்கள் ஊருக்கு வராத கம்பனியின் பங்கு

அறுவடை முடிந்த கையோடு நெல்லை விற்பவர்களைக் கண்டால் என் கணவருக்குப் பொறுக்காது. எங்கள் ஊர் முள்ளியவளையில் வயற்கரைக்கே லொறி வந்துவிடும். ஈரநெல்லை அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். இவர் கொடுக்கமாட்டார். காயவைத்து, மூட்டை கட்டி, முன்விறாந்தையில் அடுக்கி, படங்கால் மூடிவிட்டு விலை ஏறும்வரை காத்திருப்பார். கலியாணமான நாள்முதல் எங்கள் விறாந்தையில் உட்கார ஒரு கதிரை போட இடமில்லை. ஆனால் நெல் விஷயத்தில் மனுசன் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

அப்படிக் காத்திருந்து விற்ற காசைத்தான் நிலக்கடலை, அதுதான் எங்கள் கச்சான், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் வாங்கவென்று வைத்திருந்தோம். பழைய மிசின் நாளைக்கோ மறுநாளோ என்று கிடந்தது. அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து அவருடைய மச்சான் போன் எடுத்தார். போனில் ஓடர் பண்ணினால் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கம்பனி ஒன்று முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கிறதாம்.

"அந்தக் கம்பனிக்கு இப்ப லாபம் வருதாமோ?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லையாம். இனித்தான் வருமாம். உமக்கு உது விளங்காது."

விளங்கவில்லைதான். அவருடைய போனிலேயே அந்தக் கம்பனியின் செயலியை இறக்கி ஒரு கிலோ சீனி ஓடர் பண்ணிப் பார்த்தேன். 'உங்கள் பகுதியில் சேவை இல்லை' என்று வந்தது. பக்கத்து டவுன் முல்லைத்தீவு என்று போட்டாலும் அதே பதில்தான். போனை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இனி இஞ்சையும் வருவினம்தானே. அதுக்கு முதல் வாங்கினால்தான் லாபம்," என்றார். இந்த மனுசனோடு என்ன கதைக்கிறது? மிசின் காசு முழுவதும் பங்குக்குப் போனது.

முதல் நாள் பங்கு ஏறியது. ஊர்க்கோழி அடித்துச் சமைக்கச் சொன்னார். கோழியின் மணம் குசினியை விட்டுப் போகுமுன்னே விலை இறங்கத் தொடங்கிவிட்டது.

"கிடைச்சதுக்கு வித்துப்போட்டு மிசினை வாங்குங்கோ," என்று கெஞ்சினேன்.

"அறுவடை நேரம் மாசியில நெல்விலையும் விழும்தானே? வைச்சிருந்தால் ஏறும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நெல் ஏன் ஏறுகிறது? சனம் சாப்பிட வேண்டும், அதனால் ஏறுகிறது. அந்தக் கம்பனியின் பங்கை யார் உலையில் போடப்போகிறார்கள்? அது போகட்டும். மாசியில் நெல்லை விற்பவர்களுக்குக் கடன் நெருக்குகிறது, காயவைக்க இடமில்லை. வேறு வழியில்லாமல் விற்கிறார்கள். அந்தக் கம்பனிக்காரருக்கு என்ன நெருக்கடி? தங்களுக்கு எந்த நாள் தோது என்று பார்த்து, விலையையும் தாங்களே சொல்லி விற்றிருக்கிறார்கள். லொறிக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறவர், இவர்களிடம் ஒன்றையும் கேட்கவில்லை. எங்களைப் போன்ற ஆட்கள் உதில் காசு போடலாமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், உங்கள் வீட்டுக்கு அந்தக் கம்பனி ஒரு கிலோ சீனி கொண்டுவந்து தருமா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

அடுத்த அறுவடை வந்தது. விறாந்தை மறுபடியும் நெல்மூட்டைகளால் நிறைந்தது. பங்குனி வெயிலில் கச்சான் பூக்கும் நேரம் பழைய மிசின் ஒரேயடியாக நின்றுபோனது. அயலில் இரவல் கேட்டேன். அவரவர் தோட்டத்துக்கே அவரவர் மிசின் போதவில்லை. செடிகள் மத்தியானத்தில் தலை தொங்கின. இவரோ போனைப் பார்த்து, "கொஞ்சம் பொறும், ஏறும்," என்றார்.

நான் பொறுக்கவில்லை. அவர் முல்லைத்தீவுக்குப் போன நேரம் லொறிக்காரரைக் கூப்பிட்டு அவ்வளவு மூட்டையையும் ஏற்றிவிட்டேன். கேட்ட விலைக்கே கொடுத்தேன். மறுநாளே புது மிசினில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்தது.

வந்து பார்த்தவர் வெறும் விறாந்தையில் அப்படியே நின்றார். "வைகாசி வரைக்கும் வைச்சிருக்கலாமே," என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கச்சான் பிழைத்தது. வைகாசியில் நெல்விலையும் ஏறியது, அவர் சொன்னபடியே. அன்று நெல் இருந்த இடத்தில் கதிரையைப் போட்டு, போனும் கையுமாக இருந்தார். தேத்தண்ணியைக் கொடுத்துக்கொண்டு, "என்னவாம், ஏறிட்டுதோ?" என்று பங்கைப் பற்றிக் கேட்டேன்.

"நெல் ஏறிட்டுது," என்றார்.