ஊற்றாமல் விட்ட ஒரு ஜக்குத் தண்ணீர்

கூலிங்காரர் என்றால் லாரிப் பேட்டை முழுக்கத் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். லாரிகளுக்கு ஏசி பார்ப்பது தொழில். வீட்டு ஃபிரிட்ஜ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர், லாரி கேபினுக்குள்ளும் ஏசி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். ஆயிற்று இருபத்திரண்டு வருடம். தகரக் கூரை போட்ட கொட்டகை, எண்ணெய் குடித்துக் கறுத்துப்போன தரை, காற்றடிக்கும் ஒரு கம்ப்ரஸர், கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் ஜக்கு. சொத்து என்று பார்த்தால் இவ்வளவுதான்.

அந்த ஜக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏசி ஓடும்போது காற்றில் இருக்கும் ஈரம் தண்ணீராக மாறும். அது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெட்டிக்குள் விழுந்து, விரல் பருமனுள்ள ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். வெளியே சொட்டினால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே சொட்டினால் கால் ஊறும். எந்த வண்டியில் கை வைத்தாலும், வேலை முடிந்ததும் கூலிங்காரர் அந்தப் பெட்டிக்குள் ஒரு ஜக்குத் தண்ணீரை ஊற்றுவார். உடனே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஊற்றியது அத்தனையும் வெளியே வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். வந்த பிறகுதான் சாவி. நேரமாகிறது என்று எவன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தாலும் சட்டை செய்யமாட்டார்.

"குதிக்கிறதா இருந்தா வெளிய போய்க் குதி. என் ஜக்கு காலியாகாம வண்டி நகராது."

பேட்டையில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. ஆனால் அவர் கை பட்ட வண்டி ஒன்றுகூட ஒழுகிக்கொண்டு திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது.

அன்று முற்பகலில் அவருடைய மாப்பிள்ளையின், அதாவது தங்கை புருஷனின், லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்பிருந்தே இருவரும் கூட்டாளிகள், ஒரே வயது. வழக்கமாக ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வருகிற மனிதர், அன்று சத்தமில்லாமல் இறங்கினார்.

"மச்சான், வண்டிக்குள்ள தண்ணி நிக்குது."

"எந்தப் பக்கம்?"

"அவ பக்கம்."

கூலிங்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒன்றரை வருடமாக யாரும் உட்காருவதில்லை. கிளீனர்கூடப் பின்னால் இருக்கும் படுக்கையில்தான் உட்கார்ந்து வருவான். அது மாப்பிள்ளையின் மகளுடைய இடம். கல்லூரி விடுமுறை விட்டால் போதும், அப்பாவோடு லாரி ஏறிவிடுவாள். வழியெல்லாம் பேச்சு. இருபது வயதில், நான்கே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கூலிங்காரருக்குப் பிள்ளை இல்லை. "மாமா, மாமா" என்று இந்தக் கொட்டகையில் ஓடித் திரிந்த பிள்ளை அது ஒன்றுதான்.

போவதற்கு ஆறு மாதம் முன்னால், படிப்பு அதிகமாகிவிட்டது, இனிமேல் கூட வர முடியாது என்று சொல்லி, அப்பாவுக்கு ஒரு நோட்டு எழுதிக் கொடுத்தாள். பக்கத்துக்கு ஒரு புத்திமதி, ஒரு கேலி. "அப்புறம் பாக்கறேன்டா" என்று அவர் அதை அவள் இருக்கைக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டார். அவள் போன பிறகுதான் எடுத்தார். ஒரே மூச்சில் படித்தால் தீர்ந்துவிடுமே என்று பயம். அதனால் ஒரு நடைக்கு ஒரு பக்கம். சரக்கை இறக்கிவிட்டு, வண்டியை ஓரம் கட்டி, ஒரு பக்கம் படித்து மூடிவிடுவார். எழுதியிருந்தது ஐம்பத்திரண்டு பக்கம். இருபத்தாறு வரைக்கும் வந்திருந்தார். மகள் இன்னும் இருபத்தாறு நடைக்குப் பேசுவாள் என்பதுதான் அவரை வண்டி ஓட்ட வைத்துக்கொண்டிருந்தது. குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் அந்த நோட்டைத் தொடமாட்டார்கள்.

"பெட்டி?" என்று கேட்டார் கூலிங்காரர்.

"தண்ணிக்குள்ளதான் இருக்கு. மூடிதான் இருக்கு. இந்த நடைக்குப் படிக்கலாம்னு குனிஞ்சப்பதான் பாத்தேன். நான் இன்னும் திறக்கல." அவர் பெட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. "நீ முதல்ல தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

திறக்கப் பயந்தவருக்குத் துணையாக இவரும் பயந்தார். முதலில் தண்ணீர் என்று ஆரம்பித்தார். மிதியடியைத் தூக்கினால் கணுக்கால் நனையும் அளவுக்குத் தேங்கியிருந்தது. விரலில் தொட்டு உரசினார், பிசுபிசுப்பு இல்லை. முகர்ந்தார், வாடை இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் இல்லை, ஏசித் தண்ணீர்தான். வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தார். குழாயின் வாய் தூசி படிந்து காய்ந்து கிடந்தது. பல நாளாக ஒரு பொட்டுத் தண்ணீர் அதில் வரவில்லை.

அடைப்பாக இருக்க வேண்டும். அடைப்பாகவே இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே பக்கத் தகட்டின் மூன்று திருகுகளைக் கழற்றினார்.

அடைப்பு இல்லை. ரப்பர் குழாய், ஏசிப் பெட்டியின் மூக்கிலிருந்து கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய கம்பி வளையம், பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் திருகின் தலையில் சமர்த்தாக மாட்டியிருந்தது.

அந்தத் திருகில் வளையத்தை மாட்டி வைக்கிற ஆள் இந்தப் பேட்டையிலேயே ஒருவர்தான். கழற்றியது காணாமல் போகக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாக அவர் கை தானாகச் செய்கிற வேலை அது.

போன மாதம் இதே வண்டியை அவர்தான் பார்த்தார். அதற்கப்புறம் வண்டி போய்வந்தது இந்த ஒரு நடைதான். வளையத்தைத் தளர்த்தி, அடியிலிருந்து காற்றடித்துக் குழாயைச் சுத்தம் செய்தார். கைக்கு இடைஞ்சலாக இருந்ததென்று தகரப் பெட்டியை நகர்த்தும்போது மூடி திறந்துகொண்டது. தொடக்கூடாது என்று தெரியும். தொட்டார். மாப்பிள்ளை அடையாளம் வைத்திருந்த இடத்துக்குச் சில பக்கம் தள்ளி, நடுவில் எங்கோ ஒரு பக்கம் பிரிந்தது.

"அப்பா, மாமா ஜக்குத் தண்ணி ஊத்திப் பாக்குற வரைக்கும் வண்டியை எடுக்காதே. அவர் கீழே படுத்து சொட்டு எண்ணுறப்ப அவசரப்படுத்தாதே. உலகத்துலயே நான் கண்ணை மூடிக்கிட்டு நம்புற வேலைக்காரர் அவர்தான். நீ ரெண்டாவது. கோவிச்சுக்காதே."

அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை இரண்டு டீயோடு வருவது தெரிந்தது. தான் அழுததையும் நோட்டைத் தொட்டதையும் அவர் பார்த்துவிடக் கூடாதே என்று பெட்டியை மூடி, தகட்டை வைத்துத் திருகி, அழுக்குத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். "இன்னிக்கு என்ன மச்சான், ஜக்கைக் காணோம்?" என்றுகூட மாப்பிள்ளை கேட்டார். "எல்லாம் ஆச்சு, எல்லாம் ஆச்சு" என்று சாவியைக் கையில் திணித்தார் கூலிங்காரர். இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் ஜக்கு ஊற்றவில்லை. அந்த இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கால் நனைந்து சத்தம் போட்டிருப்பார்கள். அது அவள் இடம். யாரும் உட்காரவில்லை.

இப்போது பின்னால் தகரம் கிறீச்சிட்டது. மாப்பிள்ளை பெட்டியைத் திறந்துவிட்டார்.

பெட்டியின் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. நோட்டு படுத்தவாக்கில் கிடந்ததால் தண்ணீர் கீழிருந்து ஏறியிருந்தது. மேலே இருந்த பக்கங்கள் ஓரம் மட்டும் நனைந்து தப்பித்திருந்தன. அவர் கடைசியாகப் படித்த பக்கத்துக்குக் கீழே மை கரைந்து, தாளுக்குத் தாள் வெறும் நீலம். ஒவ்வொன்றாகப் பிரித்தார். அவசரமே இல்லாமல், கிழிந்துவிடாமல் பிரித்தார். ஒரு வார்த்தை இல்லை. படித்ததெல்லாம் பிழைத்துக் கிடந்தது, படிக்காதது அத்தனையும் போய்விட்டது.

கடைசித் தாள் வரைக்கும் பார்த்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். அழவில்லை. கூலிங்காரர் கழன்ற குழாயைப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்து, ஆறுதலாக மாப்பிள்ளைதான் பேசினார்.

"ரோடு அந்த லட்சணம் மச்சான். குலுங்கிக் குலுங்கிக் கழண்டிருக்கும். நீ என்ன பண்ணுவ?"

சரி என்று தலையாட்டியிருக்கலாம். மாப்பிள்ளை வாயாலேயே காரணம் வந்துவிட்டது. வளையத்தைப் பார்த்தால் அவருக்கு ஒன்றும் புரியாது. கூலிங்காரர் அந்தத் திருகின் பக்கம் கையை நீட்டினார். பிறகு அந்த வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"ரோடு இல்ல மாப்ள. நான்தான். இதைக் கழட்டி வச்சேன், திரும்ப மாட்டல. ஜக்கும் ஊத்தல. நீ கேட்டப்ப ஆச்சுன்னு பொய் சொன்னேன்."

மாப்பிள்ளை வளையத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏன் ஊத்தல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

"நோட்டு பிரிஞ்சுது. ஒரு பக்கம் படிச்சுட்டேன். அழுதுட்டேன். நீ வந்துட்ட."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல. உனக்கு இன்னும் வராத பக்கம்." கூலிங்காரருக்கு மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. "எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கு மாப்ள. என்னை அடிக்கணும்னா அடி. அதுக்கு முன்னால அதைக் கேட்டுக்கோ. அப்பான்னு ஆரம்பிச்சு..."

சட்டென்று மாப்பிள்ளையின் கை உயர்ந்தது. அடிக்கப்போகிறார் என்று கூலிங்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கை அவர் வாயைப் பொத்தியது.

"சொல்லாத," என்றார் மாப்பிள்ளை. இப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "இப்ப சொல்லிடாத மச்சான். ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. நீயே வச்சிரு. எப்ப கேக்கறேனோ அப்ப சொல்லு."

கூலிங்காரர் தலையாட்டினார்.

"மறந்துட மாட்டியே?"

"செத்தாலும் மாட்டேன்."

பிறகு மாப்பிள்ளை வளையத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"மாட்டு. மாட்டிட்டுப் போய் ஜக்கை எடுத்துட்டு வா. நீ தண்ணி ஊத்திப் பாக்குற வரைக்கும் நான் வண்டியை எடுக்க மாட்டேன்."

கூலிங்காரர் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கத்தை மாப்பிள்ளை இன்னும் படிக்கவில்லை. படிக்காமலேதான் மகளின் வார்த்தையைச் சொல்கிறார்.

குழாயைச் சொருகி, வளையத்தை இறுக்கி, இழுத்துப் பார்த்தார். ஜக்கு நிறையத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தார். முதலில் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஒழுக்காக வந்தது.

"எல்லாம் வருதா மச்சான்?" என்று மேலிருந்து கேட்டார் மாப்பிள்ளை. "அவசரம் இல்ல. மெதுவா பாத்துச் சொல்லு."

"வருது மாப்ள," என்றார் கூலிங்காரர். மேலே கேட்டிருக்காது என்று தெரிந்தது. வண்டியின் அடித்தகட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.