நாலு ஸ்டேஜ் ஆம்பும் குடோன் முனகலும்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் முட்டாள்தனம் அச்சில் ஏறிவிடும். போகட்டும், ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், கட்டும் பசங்களுக்கு உதவும்.

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் துணி குடோனில் ஒரு மைக், தையல் ஹாலில் ஒரு ஸ்பீக்கர். மைக் எப்போதும் ஆனில்தான் இருக்கும். குடோன் பார்க்கும் ஜெசிந்தாக்கா பேசுவது மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றார்கள். பத்தாவது பெயிலான இன்ஜினியர் சும்மா இருப்பேனா? இரண்டு டிரான்சிஸ்டர் ஸ்டேஜோடு இருந்த ஆம்பில் இன்னும் இரண்டைச் சேர்த்தேன். ஒன்று பத்து மடங்காக்கினால் அடுத்தது அதையும் பத்து மடங்காக்கும். ஆம்ப் விசிலடித்தது. ஸ்டேஜுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டு அடக்கினேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் ஸ்பீக்கரில் ஒரு முனகல். நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி அதே முனகல்.

“ஏனுங்க, குடோன்ல ஆருங்க?” என்றார் டெய்லர் சரசக்கா.

“ஆருமில்லீங்க. ஜெசிந்தா ஊட்டுக்குச் சாப்பிடப் போயிருக்குது” என்றார் சூப்பர்வைசர்.

“பேய்தானுங்க. ஓவர்டைம் கேக்குது” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வால்யூமைக் கூட்டினேன். முனகல் ஹால் முழுக்க நிறைந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை, ஒரு சொல்லும் இல்லை. சரசக்கா எழுந்து வாசலுக்கே போய்விட்டார்.

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஸ்டேஜும் குரலின் மேல் ஓரத்தை, அந்தக் கீச்சுச் சத்தத்தை, கொஞ்சம் வெட்டும். என் கெப்பாசிட்டர் இன்னும் வெட்டும். சொல்லைச் சொல்லாகக் காட்டுவதே அந்த ஓரம்தான். நாலு தடவை வெட்டினால் மிஞ்சுவது முனகல்.

நான் சேர்த்த இரண்டு ஸ்டேஜையும், மிச்ச கெப்பாசிட்டர்களையும் பிடுங்கினேன். பத்து நிமிஷம் ஆயிற்று.

“மெஷினெல்லாம் நிறுத்துங்க சார்!” என்று சூப்பர்வைசரிடம் கத்தினேன்.

ஹால் அடங்கியது. ஸ்பீக்கரில் கொசு அளவு சத்தம், ஆனால் சுத்தமாகக் கேட்டது.

“யாராச்சும் வாங்களேன்... ரோல் சரிஞ்சிட்டு... மூச்சு முட்டுது...”

ஓடினோம். துணி ரோல்களுக்கு அடியில் ஜெசிந்தாக்காவின் ஒரு கை மட்டும் தெரிந்தது. ஆறு பேர் சேர்ந்து புரட்டினோம். உதடு நீலமாகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டார்: “ஏலே, அம்புட்டு நேரம் கத்துனேனே, ஒங்களுக்குக் கேக்கலியா?”

“கேட்டுச்சுக்கா” என்றேன்.

சத்தத்தைப் பெருக்கக் கெயினைக் கூட்டுகிறவர்கள் எது வெட்டுப்படுகிறது என்றும் பாருங்கள். நான் கற்ற பாடம் இதுதான் என்று சாயப்பட்டறை எலக்ட்ரீஷியனான என் நண்பன் குமாரிடம் பெருமையாகச் சொன்னேன்.

“அடேய், எந்திரிச்சு குடோனுக்குப் போய்ப் பாத்திருக்கலாமல்லடா?” என்றான்.