இராவணனின் முதல் முகம்

அந்த முகத்தை உடைத்தவள் நான்தான். யோகா இல்லை. அவள் பிசைந்த களிமண்ணும் இல்லை. நான்!

நீங்கள் நம்புவீர்களோ, மாட்டீர்களோ... இதில் எதை நம்புவதென்று எனக்கே தெரியவில்லை.

ஆரையம்பதியில் நானும் என் சிநேகிதி யோகாவும் நாடகங்களுக்கு முடி, கவசம், முகமூடி செய்து கொடுக்கிறோம். அவள் களிமண்ணில் உருவம் செய்வாள். நான் அதன்மேல் சிலிக்கன் பூசி அச்செடுப்பேன். அச்செடுப்பதற்கென்றே வரும் சிலிக்கன் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. குளியலறை இடுக்குகளை அடைக்க ஹாட்வெயார் கடையில் விற்பதை வாங்கிச் சோளமாவோடு பிசைந்துகொள்வேன். வினாகிரி நெடி மூக்கைத் துளைக்கும். ஆனால் இறுகியதும் நெற்றிச் சுருக்கம்வரை பிடித்து வைத்திருக்கும். பூசுமுன் உருவத்தில் வாஸ்லின் தடவ வேண்டும், அவ்வளவுதான். தடவாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்.

கோயில் திருவிழா நாடகத்துக்கு இராவணன் தலைகள் கேட்டார்கள். நடிகரின் தலை போக ஒன்பது. யோகா ஒரு முகம் செய்தாள். அதைக் கண்டதும் எனக்குத் திக்கென்றது. போன வருடம் காய்ச்சலில் இறந்துபோன அவளுடைய அண்ணன்!

"அண்ணன்ட சிரிப்பு வந்திருக்கா கா?"

"ஓம் கா. அப்படியே கிடக்கு."

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அவளுடைய விரல்களைப் புகழ்ந்தார்கள். அச்செடுப்பவளை யார் கவனிப்பார்? பொறாமையா எனக்கு?... இருந்தது.

மறுநாள் அவள் சாயம் வாங்கக் களுவாஞ்சிக்குடிக்குப் போனாள். நான் வாஸ்லின் தடவாமல் சிலிக்கனைப் பூசினேன்.

மறந்தேனா? வேண்டுமென்றே விட்டேனா? போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பார்த்தது நினைவிருக்கிறது! பார்த்தபின் என்ன நினைத்தேன் என்பதுதான்... இல்லை, அது வரவேயில்லை.

உரித்தபோது மூக்கும் உதடுகளும் சிலிக்கனோடு பிய்ந்து வந்தன. மீதி நொறுங்கியது. அச்சுக்குள் ஒட்டியிருந்த மண்ணை ஈர்க்கால் கிளறிக் கழுவினேன். அச்சுக்கு ஒரு பழுதும் இல்லை.

"மண் சரியாப் பிசைபடல்லப் போல கா. தன்பாட்டில வெடிச்சிற்று," என்றேன் திரும்பி வந்தவளிடம்.

யோகா அழவில்லை. தூளை அள்ளிப் பார்த்தாள். "காத்துக் குமிழி இருந்திருக்கும். என்ட பிழைதான்."

அந்த அச்சில் கடதாசிக் கூழை அப்பி ஒன்பது முகங்களை எடுத்தேன். நாடகம் முடிந்ததும் ஒன்றை யோகாவின் அம்மாவுக்குக் கொடுத்தோம். அவர் என் இரு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீதான் புள்ள என்ட மகனக் காப்பாத்தித் தந்த!"

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏன்? முகம்தான் மிஞ்சிவிட்டதே, அப்படியென்றால் நான் எதை உடைத்தேன்?

நேற்றுப் புதிய வேலை ஒன்று வந்தது, அனுமார் முகம். யோகா களிமண் உருண்டையை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே செய் கா. என்ட கைய எனக்கு இனி நம்பேலா."

சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்கூட...

பிறகு மண்ணைப் பிசையத் தொடங்கினேன்.